மாமாவும் பின் ஷொக்குகளும்

அவர் செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. லிங்கநகர்ச் சந்தியில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில், படத்துக்குக் கீழே 'கேளாமலே உதவும் கரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேளாமலே! அதுதானே ஐயா பிரச்சினை. கேட்டுவிட்டு உதவியிருந்தால் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேனே.

பெயர் வேண்டாம். மாமா என்றே சொல்கிறேன். சொந்த மாமா இல்லை. பக்கத்து வீடு, செத்துப்போன என் அப்பாவின் சிநேகிதர். துறைமுகத்தில் பாரந்தூக்கிக்குக் கீழே நின்று கை காட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் விரலை மடக்கினால் மேலே தொங்கும் பெட்டி நிற்கும். கையைத் தாழ்த்தினால் இறங்கும். அந்தப் பழக்கமோ என்னவோ, தன் கை படாமல் இந்த உலகத்தில் ஒரு துரும்பும் அசையக்கூடாது என்று ஒரு எண்ணம் அவருக்கு. யார் கையில் எது இருந்தாலும் அதை வாங்கிவிடுவார். முரட்டுத்தனமாகப் பறிக்க மாட்டார். அப்படிப் பறித்தாலாவது சண்டை பிடிக்கலாம். "தா பிள்ளை, நீ ஏன் கஷ்டப்படுறாய்?" என்று சிரித்துக்கொண்டே வாங்குவார். நாங்களும் கொடுத்துவிட்டு நிற்போம்.

மீன்கடையில் ஒருநாள் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கத்தியை வாங்கினார். வெட்டுகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணர், பிறந்ததிலிருந்து மீனோடு கிடப்பவர். "காக்கா, செதிலை உப்பிடி எடுக்கிறேல்ல, இஞ்ச பாரும்" என்று தொடங்கி, தன் பெருவிரலை அறுத்துக்கொண்டார். இரத்தம் ஓட ஓட, "கத்தி சரியில்லை" என்று அந்த மனிதருக்கே புத்தி சொன்னார். வங்கி இயந்திரத்தின் முன்னால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் அட்டையை வாங்கிப் போட்டு, "இலக்கத்தைச் சொல்லுங்கோ தங்கச்சி" என்று கேட்டிருக்கிறார். அவள் பயந்துபோய் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு நன்றியில்லை" என்று வீட்டுக்கு வந்து எங்களிடம் குறைப்பட்டார்.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய கதைகள். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

என் அம்மா செத்த அன்று வீடு நிறையச் சனம். வந்தவர்கள் என் கையைப் பிடித்து, "எப்பிடிப் பிள்ளை நடந்தது?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பேன். பக்கத்தில் நின்ற மாமா சொல்லத் தொடங்கிவிடுவார். "விடியப்புறம் தண்ணி கேட்டவ. பிள்ளை எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ள முடிஞ்சுது." அம்மா தண்ணீர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, என் நகம் வளர்ந்துவிட்டது, வெட்டு என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. மாமா அந்த நேரம் எங்கள் வீட்டிலேயே இல்லை. அன்று பின்னேரத்துக்குள் லிங்கநகர் முழுவதும் என் அம்மா தாகத்தோடு போய்விட்டாள் என்று ஆகிவிட்டது. என் தாயின் சாவைக்கூட என் வாயால் சொல்ல விடவில்லை அந்த மனிதர். இப்போது நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெற்றோல் இல்லாமல் நாடே தெருவில் நின்ற காலத்தில், என் வாகனத்தைக் கொண்டுபோய் இரவும் பகலும் வரிசையில் நின்று எண்ணெய் அடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். சமையல் வாயு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் முதலில் என் வீட்டு வெற்றுச் சிலிண்டரைத்தான் சைக்கிளில் கட்டுவார். என் கணவர் கட்டாரில். அப்பாவும் இல்லை. அவசரத்துக்கு ஓடி வருவதற்கு அந்த ஒரு மனிதர்தான். அதனால்தான் அவரைத் திட்டுவதும் எனக்கு இலேசாக இருக்கவில்லை.

என் வாகனம் ஒரு குட்டி ஜீப். களத்தில் போய்ப் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. மூதூர், கட்டைபறிச்சான் என்று அதிலேதான் அலைவேன். வேலைநாளில் நான் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமையானால் கோயிலுக்கோ சந்தைக்கோ போக மாமாவும் மாமியும் வருவார்கள். படலைக்குள் வரும்போதே மாமாவின் கை ஜீப்பின் திறப்புச் சாவிக்கு நீளும். "நீ கிழமை முழுக்க ஓடுறாய், இண்டைக்கு ஆறுதலா இரு." என் ஜீப்பில் எனக்கு முன் பக்கத்து இருக்கை. மாமிக்கு எப்போதும் பின்னுக்கு.

மாமியைப் பற்றிச் சொல்லாமல் மாமாவைச் சொல்ல ஏலாது. நல்ல உயரமான மனுசி. கல்யாணத்துக்கு முன்னால் பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவவாம். நான் பார்த்த காலத்தில் அவ ஒரு தேங்காயைக்கூட முழுதாக உடைத்ததில்லை. மாமா வாங்கி உடைப்பார். வாயு அடுப்பைப் பற்றவைப்பது மாமா. மகள் தொலைபேசியில் அழைத்தால் பிடித்துக்கொண்டு கதைப்பது மாமா. "அம்மாவும் சுகமா இருக்கிறா" என்று மாமியின் பங்கையும் அவரே சொல்லி முடித்து வைத்துவிடுவார்.

மாமிக்கு முதுகு வலி தொடங்கி நெடுங்காலம். வைத்தியரிடம் நானும் கூடப் போனேன். "எங்க அம்மா நோகுது?" என்று வைத்தியர் கேட்டார். மாமி வாயெடுக்க முன்னம் மாமா, "நாரியில டொக்டர். குனிஞ்சு நிமிந்தா பிடிக்குது" என்றார். நாரிக்கு மருந்து எழுதினார்கள். நாரிக்கு எண்ணெய் கொடுத்தார்கள். அந்த எண்ணெயை ஒவ்வொரு பின்னேரமும் சூடாக்கி, தன் கையாலேயே மாமியின் இடுப்பில் தேய்த்துவிடுவார் மாமா. அவ்வளவு பட்சம்! ஒருநாள் குசினியில் வைத்து மாமி என் காதுக்குள் சொன்னா: "எனக்கு நாரியில்லைப் பிள்ளை. மேல, ரெண்டு தோளுக்கும் நடுவில."

"அப்ப ஏன் மாமி டொக்டரிட்டச் சொல்லேல்ல? வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையே?"

"அவர் சொல்லிப்போட்டார். பிறகு நான் மாத்திச் சொன்னா அவருக்கு ஒருமாதிரியாப் போயிரும்."

எனக்கு விசர் பிடிக்காத குறை.

அந்த முதுகு வலி எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். மாமாவின் தமையனும் வந்திருந்ததால் அவருக்கு முன் இருக்கையைக் கொடுத்துவிட்டு, மாமியோடு நான் பின்னால் ஏறினேன். என் சொந்த ஜீப்பின் பின் இருக்கையில் அன்றைக்குத்தான் நான் இருந்து பார்க்கிறேன். ஒழுங்கையை விட்டு வெளிக்கிடவே விளங்கிவிட்டது. சின்னக் குழியில் விழுந்தாலும் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு இடத்தில் என் தலை கூரையில் இடித்தது. திரும்பிப் பார்த்தால், மாமி ஒரு கையால் மேலே உள்ள கைபிடியைப் பிடித்து, மறு கையால் மடித்த துவாயைத் தோளுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி இருந்தா. முன்னால் மாமா தமையனோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு ஓட்டினார். அவருக்கு ஒன்றும் இல்லை.

"மாமி, ஒவ்வொரு முறையும் உப்பிடியோ?"

"ஓம் பிள்ளை. சொன்னனான். றோட்டு சரியில்லை எண்டார். பிறகு எனக்கு வயசு போட்டுது எண்டார்."

வீட்டுக்கு வந்ததும் ஜீப்பின் பின்புறத்தில் என் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கி விட்டேன். ஒரு முறை எழும்பி நிற்க வேண்டிய வாகனம் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தேன். பின் ஷொக் இரண்டும் எண்ணெய் கக்கி, அதில் புழுதி படிந்து கறுத்துப்போயிருந்தன. குலுக்கத்தை வாங்க வேண்டிய சாமான் செத்துவிட்டது. அதற்குப் பதிலாக மாமியின் முதுகு வாங்கியிருக்கிறது. முன்னால் இருந்து ஓட்டுகிறவருக்குப் பின் ஷொக் செத்தது எப்படித் தெரியும்?

அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பிலிருந்து செய்தி வந்தது. மாமியின் மகளுக்கு முதல் பிள்ளைப்பேறு நெருங்கிவிட்டது. தாய் வீட்டுக்கு வந்து பெறத்தான் இருந்தாள். பயணம் செய்யவேண்டாம், கட்டிலை விட்டு இறங்கவேண்டாம் என்று வைத்தியர் மறித்துவிட்டார். அப்படியானால் தாய்தான் போக வேண்டும். மாமி பிள்ளைப்பேற்றுச் சரக்கு வறுத்துத் தூளாக்கி, பழைய வெள்ளைச் சேலைகளைக் கிழித்துத் தோய்த்துக் காயவைத்து, பையும் கட்டிவிட்டா. மாமா வந்து பையைப் பார்த்தார்.

"உன்ர முதுகோட வெருகல் தாண்டி வாகரை தாண்டி அவ்வளவு தூரம் ஏலுமே? பிறகு ரெண்டு நோயாளியை நான் பாக்கோணும். நீ இரு. நான் போய் நிண்டு பாத்திட்டு வாறன்."

சொன்னார், பையைத் தன் கையில் வாங்கினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. பிள்ளைப்பேறு பார்க்க இவர் போகப்போகிறாராம்! மகள் வலியில் துடிக்கும்போது இந்த மனிதர் வாசலில் நின்று கை காட்டுவாராக்கும். மாமி குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுப்புக்கு முன்னால் நின்றா.

நான் முடிவெடுத்தேன். ஷொக் இரண்டும் மாற்றினால் மாமி மட்டக்களப்புக்குப் போகலாம். கராஜுக்குப் போனால் சித்திரை வருடப்பிறப்பு நெருக்கடி. ஊரிலுள்ள வாகனமெல்லாம் அங்கேதான். வருடம் பிறந்த பிறகு கொண்டு வாங்கோ அக்கா என்றார்கள். பிள்ளை அதுவரை பொறுக்குமா? கொழும்பிலிருந்து புது ஷொக் ஒரு சோடி பஸ்ஸில் பொதியாக வந்தது. வாகனத்தைத் தூக்கிய பிறகு முட்டுக்கொடுக்கிற இரும்புத் தாங்கியும் வாங்கினேன். செய்முறை வீடியோக்களை நித்திரையைக் கெடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை, முற்றத்து வேம்பின் கீழே நானே தொடங்கினேன்.

வாகனத்தைத் தூக்க ஜக் போடுகிற சத்தம் மதிலுக்கு அப்பால் கேட்டதும் மாமா வந்துவிட்டார். ஸ்பனர் சத்தம் அவருக்குக் கோயில் மணி மாதிரி.

"என்ன பிள்ளை இது? பொம்பிளை செய்யிற வேலையே? தா இஞ்ச."

"வேண்டாம் மாமா. நான் பாத்துக்கொள்ளுறன்."

"உனக்குத் தெரியாது. பொறு, என்ர பெட்டியை எடுத்துக்கொண்டு வாறன்." போனார்.

அவர் போன அந்த இடைவெளியில் நான் தாங்கியை முட்டுக்கொடுத்து, வலப்பக்கப் பின்சில்லைக் கழற்றினேன். வாகனம் தற்செயலாக விழுந்தாலும் ஆள் நசியாமல் இருக்க, கழற்றிய சில்லை வாகனத்துக்கு அடியில் படுக்க வைக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் அச்சுக்குக் கீழே இரண்டாவது ஜக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மதிலடியில் நின்ற மாமியைக் கூப்பிட்டேன்.

"மாமி, உந்தச் சில்லை ஒருக்கா உருட்டி அடியில படுக்க விடுறீங்களே?"

மாமி சுற்றிப் பார்த்தா, வேறு யாரையாவது சொல்கிறேனோ என்பதுபோல. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, சில்லை உருட்டி, முழங்காலில் இருந்து, உள்ளே தள்ளிச் சரியாகப் படுக்கவைத்தா. இரண்டு உள்ளங்கையும் கரி. "இவ்வளவு பாரமே!" என்றா. சந்தோசமாகச் சொன்னா.

மாமா பெட்டியோடு வந்தார். ஷொக்கின் மேல் நட்டைக் கழற்ற, டிக்கிக்குள் உள்ள உறையைப் பெயர்க்க வேண்டும். நான் டிக்கிக்குள் தலையை விட்டிருந்தேன். வெளியில் மாமா என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இரும்புத் தாங்கி தன் தோளுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று, ஜக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றி, தாங்கியை இழுத்து எறிந்துவிட்டு, மதில் கட்ட வைத்திருந்த ஓட்டைச் சீமெந்துக் கல் ஒன்றை வைத்திருக்கிறார். பிறகு கீழே படுத்து, கீழ்ப் போல்ட்டில் ஸ்பனரை மாட்டி, ஸ்பனரில் ஒரு நீளக் குழாயையும் செருகி இழுக்கத் தொடங்கினார். கடல் காற்றுக்குத் துருப்பிடித்த போல்ட் அது. இலேசில் அசையாது. அவர் இழுக்க இழுக்க ஜீப் ஆடியது.

"மாமா, என்ன செய்யிறீங்கள்? வெளியில வாங்கோ!"

படார் என்று ஒரு சத்தம். கல் நொறுங்கி, ஜக்குகள் சரிந்து, நான் தலையை விட்டிருந்த டிக்கி என் வயிற்றை இடித்துக்கொண்டு கீழே போனது. வாகனம் தரையில் மோதவில்லை. நடுவழியில் நின்றது. மாமி, "ஐயோ, என்ர அவர்!" என்று கத்திய சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் ஓடிக் குனிந்தேன். மாமாவின் தலை உள்ளே. அவருடைய நெற்றிக்கும் இரும்புக்கும் நடுவில் என் கை போகிற அளவுதான் இடைவெளி. வாகனத்தின் முழுப் பாரத்தையும் அந்தச் சில்லு தாங்கிக்கொண்டு இருந்தது. மாமியும் நானும் ஆளுக்கொரு காலில் பிடித்து அவரை வெளியே இழுத்தோம். ஒரு கீறல் இல்லை. சேட்டில் மண் மட்டும்தான்.

சத்தத்துக்கு அயல் முழுக்கக் கூடிவிட்டது. மாமாவைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு மிடறு இறங்கியதும் வாய் வந்துவிட்டது.

"நல்ல காலம், நான் முதலே யோசிச்சு அந்தச் சில்லை உள்ளுக்குப் போட்டனான். துறைமுகத்தில பழகின ஆக்கள் அப்பிடித்தான். பாரம் தொங்குதெண்டா கீழ ஒரு தடை வைக்காமல் நிக்க மாட்டம்."

"அதுதானே, அனுபவம் எண்டது சும்மாவே!" என்றார் முன்வீட்டுக்காரர்.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி தன் கரி படிந்த கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தா. ஒருவரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. மாமா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் கொடுமை. அவர் அதை நம்பினார். நல்லதாக ஒன்று நடந்திருந்தால் அதைத் தன் கைதான் செய்திருக்கும் என்று அந்த மனிதருக்கு அவ்வளவு உறுதி. உயிரைக் காப்பாற்றிய பெண்சாதி முன்னால் நிற்கிறா, அவ காப்பாற்றியதையும் அவர் வாங்கிவிட்டார்.

எனக்கு வாயில் வந்ததெல்லாம் கொட்டியிருக்க வேண்டும். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. சனம் வேறு. அடக்கிக்கொண்டேன். அடக்கிய கோபம் முழுவதும் கைக்கு இறங்கியது. எல்லோரையும் அனுப்பினேன். வாகனத்தை மறுபடி தூக்கி, தாங்கியை வைத்து, நானே படுத்தேன். மாமா கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார்.

"மாமா, நீங்க இருங்கோ."

"போல்ட் இறுகிப்போச்சு. உன்னால ஏலாது."

"ஏலாட்டி ஏலாமல் கிடக்கட்டும். என்ர ஜீப். நீங்க அந்தக் கதிரையை விட்டு எழும்பினா, இனி இந்தப் படலைக்குள்ள வரவேண்டாம்."

அப்பா இருந்திருந்தால் என் வாயிலேயே போட்டிருப்பார். சொல்லிவிட்டேன். மாமா இருந்துவிட்டார். வாழ்நாளில் அவரோடு அப்படி ஒருவரும் கதைத்திருக்க மாட்டார்கள்.

துரு எண்ணெயை விசிறி, ஊறவிட்டு, குழாயில் காலை வைத்து உதைத்தேன். கீச்சென்று போல்ட் அசைந்தது. மாமி வெளிச்சம் பிடித்தா. நட்டுகளை ஒரு சிரட்டையில் போட்டு, கேட்கக் கேட்க எடுத்துத் தந்தா. பழைய ஷொக்கைக் கழற்றி அமுக்கினால், அமுக்கியபடியே செத்துக் கிடந்தது. புதியதை அமுக்க என் இரண்டு கையும் போதவில்லை. விட்டதும் மெல்ல எழும்பி வந்தது. மாமி அதைத் தடவிப் பார்த்தா.

மாமா சும்மா இருந்தாரா? கதிரையில் இருந்தபடி கை காட்டினார்! உயர்த்து, தாழ்த்து, நிற்பாட்டு. துறைமுகத்துச் சைகை எல்லாம் என் முற்றத்தில் நடந்தது. நான் பார்க்கவே இல்லை. கடைசியில் கீழ்ப் போல்ட்டைக் கையால் மட்டும் பூட்டிவிட்டு நிறுத்தினேன். அவருக்குத் தாங்கவில்லை.

"இறுக்கு! ஏன் விட்டிட்டாய்? இறுக்கு!"

"சில்லு தொங்கேக்க இறுக்கப்படாது மாமா. றப்பர் முறுகின வாக்கில பிடிச்சிடும். பிறகு வாகனம் நிலத்தில நிக்கேக்க ஒவ்வொரு குலுக்கத்துக்கும் அது கிழியும். பாரம் இறங்கினாப் பிறகுதான் இறுக்கோணும்."

"ஆர் சொன்னது?"

"செய்து பழகின ஆக்கள் சொன்னவை."

இரண்டு பக்கமும் மாற்றி, சில்லுகளைப் பூட்டி, நிலத்தில் இறக்கி, பிறகு படுத்துப் போல்ட்டுகளை இறுக்கி எழும்பும்போது வெயில் சரிந்துவிட்டது. என் முழங்கை தோல் உரிந்திருந்தது. ஓடிப் பார்க்க வேண்டும். மாமா அதற்குள் எழும்பி ஓட்டுநர்க் கதவடியில் நின்றார். கை நீண்டது. பழக்கம்!

"பின்னுக்கு ஏறுங்கோ மாமா."

"நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன். சத்தத்திலேயே எனக்கு விளங்கும்."

"பின்னுக்குப் பாரம் வேணும். ரெண்டு பேரும் ஏறுங்கோ."

ஓட்டுவதற்கென்றே பிறந்த அந்த மனிதர் மாமிக்குப் பக்கத்தில் பின்னால் ஏறினார். அவருக்குக் கால் வைக்க இடம் போதவில்லை. மாமி நகர்ந்து இடம் கொடுத்தா. மடித்த துவாய் வழக்கம்போல் மாமியின் மடியில் இருந்தது.

லிங்கநகரை விட்டு வெளிக்கிட்டு, கடற்கரைப் பக்கம் போகிற வீதியில் மெல்ல விட்டேன். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு குப்பைக்குள் மேய்ந்துகொண்டிருந்தன, வழி விட்டேன். அதற்கு அப்பால், தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி ஒழுங்காக மூடாமல் விட்ட குறுக்குக் கிடங்கு ஒன்று இருக்கிறது. போகிற வருகிற எல்லோருடைய எலும்பையும் எண்ணுகிற கிடங்கு. வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் விட்டேன். முன்சில்லு விழுந்து ஏறியது. பின்சில்லு விழுந்து ஏறியது.

"எப்பிடி மாமி, பின்னுக்கு?" என்று கேட்டேன்.

"உவவுக்கு ஏலாது பிள்ளை" என்றார் மாமா. "முகத்தைப் பார், நோகுது. நான் சொன்னனான்தானே, இந்த முதுகோட மட்டக்களப்புக்கு—"

பிறேக்கைப் போட்டேன். பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரன் ஹோனை அமத்திக்கொண்டு விலகிப் போனான். நான் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"மாமா, நான் மாமியைக் கேட்டனான்."

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். திரும்பி மாமியைப் பார்த்தார். அவருடைய வாய் அசைந்தது. என் முகத்தைக் கண்டு அப்படியே நின்றது. மாமி ஓம் என்று சொன்னால் போதும், நாளைக்குப் போகலாம். சொல்லவில்லை. கேள்வியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்கிறவ போல நேரம் எடுத்தா. எனக்கே பொறுமை போகத் தொடங்கியது.

பிறகு மாமி சொன்னா: "எனக்கு வடிவா விளங்கேல்லைப் பிள்ளை. இவர் கதைச்சதில கவனிக்கேல்ல. இன்னொருக்கா அந்தக் கிடங்குக்குள்ள விடு. பாத்துச் சொல்லுறன்."

வாகனத்தை மெல்லக் கிடங்குக்கு அப்பால் பின்னுக்கு எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். மாமி துவாயை எடுத்து மாமாவின் மடியில் வைத்துவிட்டு, கைபிடியையும் விட்டுவிட்டு, முதுகை இருக்கையில் முழுதாகச் சாய்த்தா. மாமா அந்தத் துவாயை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

முன்சில்லு விழுந்து ஏறியது. பின்சில்லு விழுந்து ஏறியது. கிடங்கைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் மாமி வாயைத் திறந்தா.

"பிள்ளை, நாளைக்கு நாங்க எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?"